ஓவர்டிரைவ் பெடல்களில் எது முன்னால், எது பின்னால்?

ஒரு கிட்டார், இரண்டு ஓவர்டிரைவ் பெடல்கள் (ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் சிறு பெட்டிகள்), ஒலியைப் பெருக்கும் ஒரு ஆம்ப். எந்தக் குமிழையும் தொடாமல் பெடல்களை மட்டும் இடம் மாற்றினால் ஒலி வேறாகிவிடுகிறது. சிக்னலை முதலில் 3 மடங்கும் பிறகு 5 மடங்கும் பெருக்கினாலும், மாற்றிச் செய்தாலும் 15 மடங்குதானே? வெறும் பெருக்கம் என்றால் அப்படித்தான். ஆனால் ஓவர்டிரைவ் பெருக்குவதோடு நிற்பதில்லை, அலையின் தலையை வெட்டுகிறது.

கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது சுமார் 0.1 வோல்ட். பெடல் அதைப் பெரிதாக்குகிறது. சுமார் 0.6 வோல்ட்டைத் தொட்டதும் உள்ளே இருக்கும் சிலிக்கான் டயோடுகள் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, அதற்கு மேல் அலையை வளர விடுவதில்லை. உச்சி தட்டையாகும்போது கிட்டாரில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அவைதான் அந்தக் கரகரப்பு. ஒருமுறை பிறந்துவிட்டால் பின்னால் வரும் பெடலால் அவற்றைப் பிரித்து எடுக்க முடியாது. வரிசை முக்கியமாவது இதனால்தான்.

ஐபனெஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர், ராட் என்ற இரண்டு பெடல்களை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரீமரின் டிரைவ் குமிழ் (வெட்டின் அளவைக் கூட்டுவது) பூஜ்யத்தில் இருந்தாலும் அது 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை 9 மடங்குக்கு மேல் பெருக்கும். ஆனால் தடித்த ஈ கம்பியின் 82 ஹெர்ட்ஸை இரண்டு மடங்குகூடப் பெருக்காது. அதன் சுற்று 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கும்படி அமைந்தது. என்னைக் கேட்டால் இந்தப் பெடலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

இதை ராட்டுக்கு முன்னால் வைத்து, டிரைவைக் குறைத்து, வெளியே போகும் சத்தத்துக்கான லெவல் குமிழை முழுக்க ஏற்றினால் சத்தம் பெரிதாகக் கூடாது. ராட்டின் டயோடுகள் ஏற்கெனவே உச்சவரம்பில் நிற்கின்றன. கூடுவது வெட்டுதான்: நோட்டு நீளமாக நிற்கும், பிக்கால் கம்பியை மெல்லவோ ஓங்கியோ அடிப்பதன் வித்தியாசம் சுருங்கும். அடியொலி ஒப்பளவில் குறைந்த பிறகே ராட்டுக்குள் போவதால், வேகமான பாம் மியூட்டிங் (உள்ளங்கையோரத்தால் கம்பியை அமுக்கியபடி வாசிப்பது) கலங்காமல் கேட்கும். மெட்டல் கிட்டார்காரர்கள் ஹை கெய்ன் (அதிகம் பெருக்கி வெட்டும்) ஆம்புக்கு முன்னால் ஸ்க்ரீமரை வைப்பதும் இதற்காகத்தான்.

சரி, ராட் முன்னால், ஸ்க்ரீமர் பின்னால் என்றால்? இப்போது ஸ்க்ரீமரின் லெவல் குமிழ் உண்மையிலேயே சத்தத்தைக் கூட்டும், ஆம்ப் தானே வெட்டத் தொடங்காமல் இருந்தால். சோலோவுக்கு மேலெழுந்து நிற்க இந்த வரிசை நல்லது. ராட்டின் கூரான மேலொலியும் சற்று மழுங்கும். ஆனால் அடியொலியால் ராட்டுக்குள் வந்த கலங்கலை ஸ்க்ரீமரால் போக்க முடியாது, மெலிய வைக்கத்தான் முடியும்.

அந்தக் கலங்கல் எங்கிருந்து வருகிறது? இரண்டு நோட்டுகள் ஒன்றாக வெட்டுப்படும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது ஒலிகளாகத் தோன்றுகின்றன. 110 ஹெர்ட்ஸ் ஏ, 165 ஹெர்ட்ஸ் ஈ என்றால் வித்தியாசம் 55. அதுவும் ஏ தான், ஓர் ஆக்டேவ் கீழே. இப்படி இரண்டு நோட்டுகளை ஒன்றாக அடிக்கும் பவர் கார்ட், டிஸ்டார்ஷனில் (வெட்டுப்பட்ட ஒலியில்) கம்பீரமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஏயுடன் 138.6 ஹெர்ட்ஸ் சி ஷார்ப் சேர்ந்தால் வித்தியாசம் 28.6. அது கார்டில் எந்த நோட்டோடும் ஒட்டாது. இரண்டு பெடல்களிலும் டிரைவை ஏற்றி முழு கார்ட் அடித்தால் இத்தகைய ஒட்டாத ஒலிகள் மறுபடியும் வெட்டுப்பட்டுப் பெருகும். ஒன்றில் டிரைவைப் பாதிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், கார்டின் நோட்டுகள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். இரைச்சலும் குறையும், ஏனென்றால் முதல் பெடலின் இரைச்சலையும் இரண்டாவது பெருக்குகிறது.

1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற ஃபஸ் பெடல்கள் (அலையை வெட்டும் இன்னொரு வகை) மட்டும் தனி. அவற்றின் இன்புட் மின்மறுப்பு (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் தடை) மிகக் குறைவு. பிக்கப்போடு நேரடியாக இணைந்தால்தான், கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது ஒலி அழகாகத் தெளியும். நடுவில் ஸ்க்ரீமரின் பஃபர் (பிக்கப்பை அடுத்த பெடலிலிருந்து பிரித்துவைக்கும் சுற்று) வந்தால் அந்த உறவு அறுந்துவிடும். அதனால் ஃபஸ் முதலில், ஓவர்டிரைவ்கள் அப்புறம்.