ஸ்கிரிப்டுக்குள் திறந்து விட்ட பைத்தான் கன்சோல்

அறிக்கையில் மொத்தத் தொகை ஏறக்குறைய பாதிதான் இருந்தது. ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் சொல்லவில்லை, எக்ஸிட் கோட் 0, அதாவது எல்லாம் சரி என்று பொருள். தினமும் இரவு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) வழியாக ஓடும் வேலை அது. வாடிக்கையாளர் எண், தொகை என்று கமா போட்ட வரிகள் பைப்பில் (ஒரு நிரலின் வெளியீட்டை நேராக இன்னொன்றுக்குத் தரும் வழி) உள்ளே வரும், கூட்டல் அறிக்கை ஃபைலுக்குப் போகும். அந்த ஃபைலைத் திறந்து பார்த்தபோது நடுவில் இப்படி ஒரு வரி:

>>> (101, 2500)

அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் நூற்றுக்கணக்கில். எரர் லாகில் பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்கெல்லாம் சின்டாக்ஸ் எரர்.

காரணம் நான்தான். தொகை மைனஸில் வந்தால் என்ன ஏது என்று பார்க்க, பைத்தானின் கோட் மாட்யூலில் உள்ள இன்டராக்ட் ஃபங்ஷனை ஒரு இஃப்புக்குள் போட்டிருந்தேன். அது ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்தி, கட்டளைகளை அடித்துப் பார்க்க >>> என்று கேட்கும் கன்சோலைத் திறக்கும். எடுக்க மறந்துவிட்டேன். பல வாரங்கள் கழித்து ஒரு மைனஸ் தொகை வந்தது, கன்சோல் திறந்தது. கன்சோல் கீபோர்டைத் தேடிப் போகாது, ஸ்டாண்டர்ட் இன்புட்டில், அதாவது ஸ்கிரிப்டுக்கு உள்ளீடு வரும் வழியில், என்ன வருகிறதோ அதைப் படிக்கும். இங்கே அது பைப். மீதி இருந்த தரவு வரிகளை ஒவ்வொன்றாக பைத்தான் கோடாக ஓட்டியது. 101,2500 என்பது பைத்தானுக்கு ஒரு டியூப்பிள், அதாவது மதிப்புகளின் தொகுப்புதானே! வரிகள் தீர்ந்ததும் கன்சோல் மூடிக்கொண்டது. வரிகளைப் படித்துக் கூட்டிவந்த லூப்பும், படிக்க ஒன்றும் மிஞ்சாததால், அமைதியாக முடிந்தது.

வெளியிலிருந்து வரும் தரவு கோடாக ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பயம்தான். அன்று வந்தவை எண்களாக இருந்ததால் தப்பித்தோம்.

இப்போது கன்சோலைத் திறப்பதற்கு முன் ஸ்டாண்டர்ட் இன்புட் டெர்மினல்தானா (ஆள் தட்டச்சு செய்யும் திரைதானா) என்று ஐஸ்ஏடிடிஒய் (isatty) ஃபங்ஷன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். பைப்பில் தரவு வரும்போதே கன்சோலும் வேண்டும் என்றால், லினக்ஸில் டெவ் அடைவில் டெர்மினலைக் குறிக்கும் டிடிஒய் ஃபைலை (/dev/tty) திறந்து அதையே ஸ்டாண்டர்ட் இன்புட்டாக வைக்கலாம். கிரானில் டெர்மினல் இருக்காது, அதனால் அந்த வரியிலேயே ஸ்கிரிப்ட் எரர் கொடுத்து நிற்கும். தப்பான கணக்கு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். ஃபங்ஷனுக்குள் லோக்கல்ஸை (அந்த ஃபங்ஷனின் மாறிகளை) மட்டும் கொடுத்து கன்சோல் திறந்தால், ஃபைலின் மேலே இம்போர்ட் செய்த மாட்யூல்கூட நேம்எரர் (அந்தப் பெயர் தெரியவில்லை என்ற பிழை) தரும். குளோபல்ஸ் (ஃபைல் முழுவதற்கும் பொதுவான பெயர்கள்), லோக்கல்ஸ் இரண்டையும் ஒரே டிக்ஷனரியாகச் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், அங்கே ஒரு மாறிக்குப் புது மதிப்பு கொடுத்தாலும் ஃபங்ஷன் பழைய மதிப்போடுதான் தொடரும், ஏனென்றால் கன்சோலிடம் இருப்பது நகல். ஆனால் ஒரு லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்தால் அது நிஜமாகவே மாறிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் "சரி செய்துவிட்டேன்" என்று நம்பி மணிக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வர எக்ஸிட் அடித்தால் ஸ்கிரிப்ட்டே முடிந்துவிடும். லினக்ஸில் கன்ட்ரோல்-டி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பைத்தான் 3.13 முதல் லோக்கல்_எக்ஸிட் என்ற ஆர்கியுமென்ட் உண்டு. அதை ட்ரூ என்று வைத்தால் எக்ஸிட் கன்சோலை மட்டும் மூடும்.

பைத்தான் 3.7-இல் வந்த, ஸ்கிரிப்டை நிறுத்திப் பிழை தேட உதவும் பிரேக்பாயிண்ட் ஃபங்ஷனைப் பயன்படுத்துவோர், சர்வரில் பைத்தான்பிரேக்பாயிண்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 0 என்று வைத்துவிடுங்கள், மறந்துபோன இடங்களில் அது நிற்காது. இன்டராக்ட்டுக்கு இந்த வசதி இல்லை. அதனால் கமிட் செய்வதற்கு முன் இன்டராக்ட் என்ற சொல்லை கிரெப் (ஃபைல்களில் சொல் தேடும் கட்டளை) போட்டுத் தேடுகிறேன்.