ஆந்த்ரோபோஜெனிக்: மானுடவியல் அல்ல, மனிதவினை

'காலநிலை மாற்றத்தின் மானுடவியல் காரணங்கள்' என்று இன்னொரு தலைப்பு. மனிதச் செயலால் விளைந்த என்ற பொருளுள்ள ஆந்த்ரோபோஜெனிக் (anthropogenic) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மானுடவியல் என்பது ஒரு படிப்பு. மனிதக் கூட்டங்களின் உறவுமுறை, சடங்கு, மொழி, உடலமைப்பு இவற்றையெல்லாம் ஆராயும் துறை. இங்கே சொல்ல வந்ததோ நிலக்கரி எரிப்பதும் காடு அழிப்பதும் பற்றி. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

அந்த ஆங்கிலச் சொல்லின் கதை சிறியது. கிரேக்கத்தில் ஆந்த்ரோபோஸ் என்றால் மனிதன். ஜெனிக் என்ற பின்பாதி பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மனித இனத்தின் தோற்றம் தொடர்பானது என்ற பொருளில்தான் வழங்கியது, 'மனிதரால் விளைந்தது' என்ற பொருள் பிற்பாடு வந்து நிலைத்தது. அகராதியில் பக்கத்திலேயே ஆந்த்ரோபாலஜி இருக்கிறது, அதற்கு மானுடவியல் என்று ஏற்கெனவே தமிழ் இருக்கிறது, முன்பாதி ஒன்றாக இருக்கிறதே என்று எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

அரசியல், வாழ்வியல் போன்ற சொற்களில் 'இயல்' படிப்பைக் குறிக்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். சரி, ஆனால் மானுடவியல் ஒரு துறைக்கு நிலைத்துவிட்ட பெயர். அதைப் படிக்கிறவருக்கு அந்தத் துறைதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது 'மனிதனால் உருவாக்கப்பட்ட'. இது கொஞ்சம் தேவலாம், ஆனாலும் தவறுதான். உருவாக்குதலில் நோக்கம் இருக்கிறது. பாலத்தை உருவாக்குகிறோம், சட்டத்தை உருவாக்குகிறோம். பூமியைச் சூடாக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டார்கள், கல்லுக்குள் இருந்த கரியமில வாயு வெளியேறியது. விளைச்சலுக்காகத் தழைச்சத்து உரம் போட்டார்கள், மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பியது. நெல் வயலில் தேங்கிய நீரிலிருந்தும் கால்நடைகளின் வயிற்றிலிருந்தும் மீத்தேன் வந்தது. இவை எல்லாம் வேறு எதையோ செய்யப்போய் விளைந்தவை.

'மனிதத் தூண்டல்' என்றும் ஒன்று உலவுகிறது. தூண்டுவது என்றால் ஒரு முறை தொட்டுவிட்டால் அப்புறம் அது தானே நடக்கும் என்ற எண்ணம் வந்துவிடும். நடப்பது அது இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது, ஆண்டுதோறும் நாம் மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே இருக்கிறோம். இதைத் தூண்டல் என்று சொன்னால் பொறுப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

'செயற்கை' என்பதை மட்டும் விட மனமில்லை. இயற்கைக்கு எதிர்ச்சொல், நல்ல தமிழ், செய்கையிலிருந்து வந்தது. ஆனால் இன்றைய பேச்சில் செயற்கை என்றால் போலி, அல்லது செயற்கை மழை மாதிரி வேண்டுமென்றே செய்வது. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கலாம் என்ற யோசனைகள் பேசப்படுகின்றனவே, அவற்றுக்கு வேண்டுமானால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு 'மனிதவினை'. மனிதவினை உமிழ்வு, மனிதவினைக் காரணங்கள், மனிதவினையால் வரும் காலநிலை மாற்றம். வினை என்றால் செயல், அந்தச் செயலின் பயனும் வினைதான். தன்வினை தன்னைச் சுடும் என்னும்போது சுடுவது பயன். செய்ததையும் விளைந்ததையும் ஒரே சொல் பிடித்துவிடுகிறது, நோக்கம் இருந்ததா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. தனித்தமிழ் வேண்டுவோர் மாந்தவினை என்று எழுதட்டும், மாந்தர் குறளிலேயே உள்ள சொல். எனக்குப் படித்தவுடன் புரிவது முக்கியம், மனிதன் என்ற சொல் எல்லாருக்கும் புரிகிறது.

இந்த 'இயல்' ஒட்டும் பழக்கம் இங்கே மட்டும் இல்லை. சூழல் சீர்கேடு 'சூழலியல் சீர்கேடு' ஆகிறது. மன பாதிப்பு 'உளவியல் பாதிப்பு' ஆகிறது. பெற்ற தாய் என்ற சொல் இருக்க, 'உயிரியல் தாய்' என்று எழுதுகிறார்கள்! ஆங்கிலச் சொல்லின் வாலைப் பார்த்துத் தமிழில் வால் ஒட்டுகிறவர்கள், வாக்கியம் என்ன சொல்கிறது என்று ஒரு நொடி நின்று பார்ப்பதில்லை.

காலநிலை மாற்றம் மனிதவினைதான் என்பதில் அறிவியல் தெளிவாக இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டு பழையவை என்பதால், நாள்பட நாள்படச் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அவற்றில் கிடையாது. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலுள்ள கார்பனில் அதன் விகிதம் நீர்த்துப்போவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். மனிதத் தாக்கம் காணக்கூடியதாக இருக்கிறது என்று 1995இல் தயங்கிச் சொன்ன, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி., 2021இல் ஐயத்துக்கு இடமில்லை என்றது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொன்று. 1992ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் 'காலநிலை மாற்றம்' என்றாலே, இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கு மேல், நேரடியாகவோ மறைமுகமாகவோ மனிதச் செயலால் வருவது என்றுதான் வரையறை. அங்கே அடைமொழியே தேவையில்லை. ஐ.பி.சி.சி. அறிக்கைகளில் அந்தத் தொடர் இயற்கைக் காரணங்களையும் சேர்த்துக் குறிக்கும், அதனால் அவற்றில் ஆந்த்ரோபோஜெனிக் வரும் இடங்களில் மனிதவினை என்பதை விடாமல் போட வேண்டும்.