2009-ஆம் ஆண்டில் வாழும் கணினிக்கு அப்டேட் ஏன் வராது?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "மழை மாதங்களில் பால்வெட்டு நின்றுவிடும், எனக்கும் கணக்கு எழுதும் வேலை இருக்காது. இடிக்குப் பயந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவேன். இந்த முறை மீண்டும் போட்டபோது அப்டேட் தளத்தை அடைய முடியவில்லை என்கிறது. வேறு சில பக்கங்களும் பாதுகாப்பற்றவை என்று காட்டுகிறது. அதே வைஃபையில் கைப்பேசி நன்றாக ஓடுகிறது. பழுது பார்க்க வந்த தம்பி, 'வைரஸாக்கும் சார், ஃபார்மட் பண்ணீரலாம்' என்கிறார். செய்யலாமா?"

வேண்டாம். நான் அவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டேன்: திரையின் வலது கீழ்மூலையில் என்ன தேதி இருக்கிறது? 2009 ஜனவரி 1 என்று பதில் வந்தது.

அப்டேட் தளத்தை அடைய முடியாமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பழுதாகியிருக்கலாம், இணையத்துக்கும் கணினிக்கும் நடுவில் இடையாளாக நிற்கும் பிராக்ஸியின் அமைப்பு, எப்போதோ போட்டது, நீக்கப்படாமல் கிடக்கலாம், தளப் பெயர்களுக்கான முகவரிகளைக் கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏதாவது ஒரு மென்பொருள் கை வைத்திருக்கலாம். ஆனால் இவற்றைத் தேடிப் போகும் முன் தேதியைப் பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடியைச் செலவிடாமல், கணினி முழுவதையும் அழித்து, எல்லாவற்றையும் மறுபடி நிறுவிவிட்டு, அதற்குப் பிறகு தேதியைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டவன் நான் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

தேதிக்கும் அப்டேட்டுக்கும் என்ன உறவு? அப்டேட் தளத்தோடு பேசத் தொடங்கியவுடன், அத்தளம் தான் யார் என்பதைக் காட்டும் மின்னணுச் சான்றிதழை நீட்டுகிறது. கணினி அதில் மூன்றைச் சரிபார்க்கிறது: நான் தேடி வந்த தளத்தின் பெயர்தானா இது, கையொப்பமிட்டிருப்பது நான் நம்பும் நிறுவனமா, இன்றைய தேதி சான்றிதழின் தொடக்க நாளுக்கும் முடிவு நாளுக்கும் இடையில் இருக்கிறதா. முதல் இரண்டுக்கும் விடை சான்றிதழிலும் கணினியில் ஏற்கெனவே உள்ள பட்டியலிலும் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு மட்டும் கணினி தன் சொந்தக் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழங்கிவந்த சான்றிதழ்களின் ஆயுளே 90 நாள்தான். திருடுபோன சான்றிதழ் நெடுநாள் பயன்பட்டுவிடக் கூடாது என்பதும் இந்தக் குறுகிய ஆயுளுக்கு ஒரு காரணம். எனவே 2009-இல் நிற்கும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ் ஒவ்வொன்றும் இன்னும் பிறக்காத குழந்தையின் கையெழுத்து. அது கதவை மூடிக்கொள்வது நியாயம்தான். நமக்கோ "தளத்தை அடைய முடியவில்லை" என்ற வரி மட்டும் தெரிகிறது.

இனி, அந்தக் கடிகாரம். மின்சாரம் இல்லாத வேளையிலும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு சுற்று, எனக்குக் கணினியிலேயே மிகவும் பிடித்த பகுதி. கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டை உற்று நோக்கினால், அரிசி மணியைவிடச் சற்றே நீளமான ஒரு வெள்ளி நிற உருளையைப் பல பலகைகளில் காணலாம். அதற்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகத்தில் வெட்டிய ஒரு குட்டி இசைக்கவை, பள்ளி ஆய்வகத்தில் ரப்பர்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோமே, அதே வடிவம். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அது சற்றே வளையும் என்பது அதன் மறுபக்கம். ஆக, மின்சாரத்தால் தட்டினால் கவை அதிர்கிறது, அந்த அதிர்வு மின்சாரமாகவே திரும்பி வருகிறது, அதைச் சற்றுப் பெருக்கி மீண்டும் தட்டினால் அதிர்வு ஓய்வதே இல்லை. எத்தனை முறை அதிர வேண்டும் என்பதைப் படிகத்தின் நீள அகலங்கள் முடிவு செய்கின்றன. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல் ஒன்றுதான், தூணின் பருமன் மாறும்போது சுரம் மாறுகிறது.

கணினியின் கவை நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கிறது. இந்த விசித்திரமான எண்ணில்தான் அழகு இருக்கிறது. 32,768-ஐப் பாதியாக்கினால் 16,384. அதைப் பாதியாக்கினால் 8,192. இப்படிப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் மிச்சமில்லாமல் 1 வரும். இரண்டு துடிப்பு உள்ளே வந்தால் ஒரு துடிப்பை வெளியே விடுவது மின்னணுவியலில் மிக எளிய சுற்று. அப்படிப் பதினைந்தை வரிசையாகக் கோத்துவிட்டால், கடைசிச் சுற்றிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு சொட்டும், ரப்பர்ச் சிரட்டையில் பால் சொட்டுவதைப் போல. கையில் கட்டும் குவார்ட்ஸ் கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே எண்தான். பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 1.7 நொடிதான் தவறும்.

மின்சாரம் இல்லாதபோது இந்த எண்ணிக்கையைக் காப்பது நாணயம் போன்ற ஒரு லித்தியம் மின்கலம். அது தீர்ந்துவிட்டால் எண்ணிக்கை அழிந்து, கடிகாரம் ஆலையில் இட்ட தொடக்கத் தேதிக்கே திரும்பிவிடும்; ஆசிரியர் கண்ட 2009 ஜனவரி 1 அதுதான். கடைகளில் சிமாஸ் பேட்டரி என்பார்கள்; 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். அதில் ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர் மணி மின்னூட்டம் இருக்கிறது. கடிகாரச் சுற்று 5 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டு வரும். ஆனால் பிளக் சுவரில் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், பவர் சப்ளை ஒரு மெல்லிய மின்னோட்டத்தை உள்ளே அனுப்பிக் கடிகாரத்தை நடத்துகிறது. மின்கலத்தின் மேல் பாரம் விழுவதில்லை. பிளக்கைப் பிடுங்கினால்தான் மின்கலம் தனியே சுமக்கிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் நம் மாவட்டத்தில், இடிக்குப் பயந்து மாதக்கணக்கில் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் வீடுகளில் இந்தப் பழுது அடிக்கடி கண்ணில் படுவதற்கு இதையே காரணமாகச் சொல்வேன்.

இணையத்திலிருந்தே நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும். கேட்கத்தான் செய்கிறது. ஆனால் பொய்யான நேரத்தைச் சொல்லி ஏமாற்றினால் காலாவதியான சான்றிதழுக்கும் உயிர் கொடுத்துவிட முடியும் அல்லவா? அதனால் விண்டோஸின் நேரச் சேவை, வீட்டில் தனியே இருக்கும் கணினிகளில், 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட திருத்தத்தை இயல்பாக ஏற்பதில்லை. சில நிமிடப் பிழை தானாகச் சரியாகும், பல ஆண்டுப் பிழைக்கு மனிதர் கை வைக்க வேண்டும்.

நேரம் என்றதும் ஒரு வருத்தம். இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். ஒரு நொடியைச் சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகளாக எண்ணும் கடிகாரங்கள் அங்கே ஓடுகின்றன. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை என்றால் நம் ஊர்ப் பேருந்தில்கூடப் பேச்சு நடக்கும், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் யார் கண்ணிலும் படாத இத்தகைய அளவியல் ஆய்வுக்குக் கைதட்டலும் இல்லை, பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் குரலும் இல்லை.

ஆசிரியரின் கணினிக்கு வருவோம். ராகுகாலம் முடிந்த பின் திறக்கலாம் என்று தம்பி சொன்னாராம். நாள்காட்டியில் திங்கட்கிழமைக்கு 7.30 முதல் 9 என்று அச்சிட்டிருப்பது, சூரியன் சரியாக 6 மணிக்கு உதிக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. இந்திய நேரமோ 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் 77.5-ஐ ஒட்டி இருக்கிறோம், ஆகவே சராசரியாக நம் சூரியன் கடிகாரத்துக்கு 20 நிமிடம் பின்தங்கியே வருகிறது. எந்த நிமிடத்தில் ராகு விலகினார் என்பதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மின்கலத்தின் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியைத் தள்ளினால் அது துள்ளி வெளியே வரும். மல்டிமீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஐயமே வேண்டாம். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அமர்த்தி, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று தேதியையும் நேரத்தையும் இட்டுச் சேமிக்க வேண்டும். பழையதை மேசைமேல் போட்டு வைக்கக் கூடாது. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

அன்று மாலையே அப்டேட் இறங்கத் தொடங்கிவிட்டது என்று ஆசிரியர் எழுதினார். இனி பிளக்கைப் பிடுங்கலாமா என்றும் கேட்டிருந்தார். இடி நேரத்தில் கட்டாயம் பிடுங்கலாம், மின்கலத்தைவிட மதர்போர்டுக்கு விலை அதிகம். மின்கலம் மாற்றிய தேதியை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.