கல்வெட்டுத் திருத்தம் என்று வந்த கோப்பு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் அச்சகம் நடத்தும் ஒரு அண்ணை, கணினிப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "தம்பி, வைரஸ் ஏறிட்டுது. ஒருக்கா போர்மற் பண்ணி விடுங்கோ" என்றார். அவருடைய ஜிமெயிலில் இருந்து வாடிக்கையாளர்களுக்கு அவர் எழுதாத கடிதங்கள் போயிருக்கின்றன. முற்பணத்தை வேறொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் கடிதங்கள்.

அந்தியேட்டிக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம், அடிக்கக் கொடுப்பவர்களில் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். படம், தேவாரம், வம்சாவழி எல்லாம் மின்னஞ்சலில்தான் வரும், இறந்த 31ஆம் நாளுக்கு முன்னர் புத்தகம் கைக்குப் போயாக வேண்டும். 'தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள்' என்று இவரிடம் சொல்லி என்ன பயன்? தெரியாதவர் அனுப்புவதைத் திறப்பதுதானே அவருடைய தொழில்.

ஒரு மணித்தியாலம் ஸ்கேன் ஓடவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். 'கல்வெட்டுத் திருத்தம்' என்று ஒரு கோப்பு. பெயரின் முடிவில் பிடிஎஃப் என்று இருந்தது. ஆனால் பெயரின் கடைசியில் கோப்பு என்ன வகை என்று சொல்லும் வாலை, தனக்குத் தெரிந்த வகையென்றால் விண்டோஸ் மறைத்துத்தான் காட்டும். மறைப்பை எடுத்ததும் பிடிஎஃப்புக்குப் பின்னால் எச்டிஎம்எல் என்று இன்னொரு வால் தெரிந்தது.

அதாவது அது ஆவணமே இல்லை, ஒரு இணையப் பக்கம். திறந்தால் பிரவுசரில் மங்கலாக ஒரு கடிதம், அதன்மேல் ஒரு பெட்டி: பார்ப்பதற்கு மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அவருடைய முகவரியும் முன்கூட்டியே நிரப்பியிருந்தது.

"எத்தனை தரம் அடிச்சனீங்கள் அண்ணை?"

"ரெண்டு தரம். முதல் தரம் பிழை எண்டு காட்டிச்சுது."

எதை அடித்தாலும் முதல் தரம் பிழை என்றுதான் காட்டும். எழுத்து மாறி அடித்திருந்தால் இரண்டாவது தரம் சரியாக விழும் என்ற கணக்கு. பிறகு உண்மையான ஜிமெயில் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். நெட் பிழை என்று நினைத்துக்கொண்டு நாம் அடுத்த வேலையைப் பார்ப்போம். அடித்த கடவுச்சொல் அதற்குள் திருடனின் சேர்வருக்குப் போயிருக்கும். டெலிகிராம் கணக்குக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

கடிதத்தில் சந்தேகமான லிங்க் எதுவும் இல்லை, பக்கமே கடிதத்தோடு வந்த கோப்புக்குள் இருக்கிறது. உள்ளே உள்ள நிரலையும் குழப்பி எழுதியிருப்பார்கள். அதனால் மின்னஞ்சல் வடிகட்டிகள் பலவேளை இதை விட்டுவிடுகின்றன. கண்ணால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: முகவரிப் பட்டையைப் பாருங்கள். கூகுளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் சொந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பாதை இருக்கும். பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொல் தானாக வந்து விழாததும் ஒரு அறிகுறி. இடம் மாறியிருப்பது பிரவுசருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரிவதில்லை.

கோப்பை அழிப்பது ஒரு நிமிட வேலை. டவுன்லோட்ஸிலும் குப்பைத்தொட்டியிலும் மின்னஞ்சலிலும் அழித்தால் சரி. ஆனால் போன கடவுச்சொல் அதனால் திரும்பி வராது. அதை மாற்றி, எல்லாச் சாதனங்களில் இருந்தும் கணக்கை வெளியேற்றி, கடவுச்சொல்லுக்கு மேலே இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் என் வேலை பாதிதான். ஜிமெயில் அமைப்புகளில் ஒரு வடிகட்டி ஒளிந்திருந்தது: வங்கி, இன்வொய்ஸ் என்ற சொற்கள் உள்ள கடிதங்களின் நகல் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த வடிகட்டி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மீட்பு தொலைபேசி எண், மீட்பு மின்னஞ்சல், கணக்கோடு தொடுத்துள்ள செயலிகள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதே கடவுச்சொல்லை முகநூலுக்கும் வைத்திருந்தார். அதை நான் தனியாகத் திட்டினேன்.

திறந்தது எக்ஸ்இ போன்ற ஓடும் நிரலாக இருந்தால் கதை வேறு. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீகளையும் சேர்த்து அள்ளும் நிரல்கள் இருக்கின்றன. குக்கீ கையில் இருந்தால் இரட்டைச் சரிபார்ப்பும் அவர்களை மறிக்காது. உடனே நெட்டைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்ற வேண்டாம், புதியதும் அவர்களிடமே போகலாம், வேறொரு போனில் மாற்றுங்கள். விண்டோஸ் டிஃபென்டரின் ஓஃப்லைன் ஸ்கேன் கணினியை மறுபடி இயக்கி 15 நிமிடமளவில் முடித்துவிடும். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் போர்மற் பண்ணுங்கள், நானும் அதைத்தான் செய்வேன்.

பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்கு அழையுங்கள். இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) அமைப்புக்கு 101 என்ற எண்ணில் முறையிடலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம், பொலிசிலும் முறைப்பாடு செய்யலாம்.

அண்ணை என் கடையில் இருந்தபடியே ரொறன்ரோவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தார். நல்ல காலம், அவர்கள் இன்னும் பணம் அனுப்பியிருக்கவில்லை. பெட்டியைத் திறந்து தூசு தட்டிக் கொடுத்தேன். போர்மற் பண்ணாமல் விட்டதில் மனிதருக்கு இன்னும் கொஞ்சம் மனக்குறைதான்.