புளி போட்டுத் தேய்த்த காசு

காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி போன மாதம் பெட்டகத்தை ஒழுங்கு செய்தபோது ஒரு சுருக்குப்பை நிறையப் பழைய காசு கிடைத்தது. விற்றால் லட்சக்கணக்கில் வரும் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். என்னிடம் காட்டுவதற்கு முன்பே புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு துலக்குவது போலத் துலக்கிக் காயவைத்திருந்தார். "பாருப்பா, எப்படி மின்னுது!"

மின்னத்தான் செய்தது. காசு சேகரிப்பவர் பார்த்திருந்தால், மதிப்பு போச்சே என்று தலையில் கை வைத்திருப்பார்.

காசு அடிக்கும்போது அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டத்தின் தடம், கண்ணுக்குத் தெரியாத கோடுகளாக மேற்பரப்பில் தங்கிவிடும். அதிகம் புழங்காத காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி ஓர் ஒளிப்பட்டை சுற்றி வருவது இதனால்தான். சாம்பல் அந்தக் கோடுகளை வழித்துவிட்டுக் கண்டபடி கீறல் போடும். அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெளிறிய பளபளப்பு. செம்பின் பழுப்பும் அழுக்கில்லை, காற்று பட்டுப் படிந்த ஆக்சைடு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். வெள்ளியின் கறுப்போ, கந்தகம் பட்டு வெள்ளியே சல்பைடாக மாறியது. அதைத் தேய்த்தால் வெள்ளியும் சேர்ந்தே போகும். உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆச்சி புளியைக் கரைக்கும் முன் அங்கே யாரையாவது கேட்டிருக்கலாம்!

சரி, பையில் என்னதான் இருந்தது? பெரும்பாலும் ஓட்டைக் காலணா. போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943 முதல் அடித்தது. கோடிக்கணக்கில் அடித்ததால், எண்பது வருஷமானாலும் மலிவுதான். மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயா கொண்டுவந்த சதுரக் காசுகளும் அப்படியே. வைஷ்ணவதேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சம் தருவதாக வரும் விளம்பரங்களைப் பற்றி என்ன சொல்ல? பழைய காசை வாங்கி விற்கும் வேலை தனக்கு இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

வருஷம் பார்க்க வேண்டியது ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில். 1911 காசில் மன்னரின் அங்கியிலுள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் யானையைத் திருத்தினார்கள். அதனால் 1911-க்குத் தனி மதிப்பு, போலிகளும் வரும்.

நல்ல ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். எடையை மட்டும் நம்ப முடியாது, காசைத் தடிமனாக்கி எடையைச் சரிக்கட்டிவிடலாம். மின்னணுத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்குங்கள். காசு விலக்கும் தண்ணீரின் எடை தராசில் ஏறும்; 1.13 கிராம் அளவில் நின்றால் அடர்த்தி (11.66 ÷ 1.13) 10.3, அந்தக் கால 91.7 சதவீத வெள்ளிக்குப் பொருந்தும். 1.3-ஐத் தாண்டினால் வேறு உலோகம். 1940 முதல் 1945 வரை வந்தவை பாதி வெள்ளி என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்கு ஒத்துவராது. 1946, 1947 ரூபாய்கள் நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

சுருக்குப்பையின் மடிப்பில் மாட்டி ஒரே ஒரு ரூபாய் தப்பித்திருந்தது. 1918. அபூர்வமில்லை, ஆனால் கறுப்புக்கு அடியில் அந்த ஒளிப்பட்டை மெல்லச் சுற்றியது. ஆச்சியிடம் காட்டினேன்.

"இது மட்டும் ஏன் இப்படி அழுக்கா இருக்கு? குடு, தேய்ச்சுத் தர்றேன்."