ஜேஎஸ்பி பக்கத்துல தமிழ் ஏன் உடையுது?

ஜேஎஸ்பி (எச்டிஎம்எல்லுக்குள்ள ஜாவா கலந்து வெப் பக்கம் எழுதுற முறை) ஃபைல்ல "வணக்கம்"னு டைப் பண்ணி பிரவுசர்ல பாத்தா சில சமயம் மேல கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள்ள ஆர் இப்படி என்னென்னமோ வரும். அதே பக்கத்துல டேட்டாபேஸ்ல இருந்து எடுத்த "முருகன்" மட்டும் 7 கேள்விக்குறியா நிக்கும். ரெண்டுக்குமே காரணம் ஃபைலோட மேல பேஜ் டைரக்டிவ்ல (பக்கத்துக்கான அமைப்பை சொல்ற வரி) என்கோடிங் (எழுத்தை பைட்டா மாத்துற முறை) சொல்லாம விட்டதுதான்.

ஜேஎஸ்பி அப்படியே ஓடுறது இல்ல, முதல் தடவை யாராவது பக்கத்தை கேக்கும்போது டாம்கேட்ங்கிற சர்வர் அதை ஒரு ஜாவா ஃபைலா எழுதி கம்பைல் பண்ணி, அப்படி வர்ற சர்வ்லெட்டைத்தான் (பக்கத்தை உருவாக்கி அனுப்புற ஜாவா ப்ரோக்ராம்) ஓட்டுது. பேஜ் டைரக்டிவ்ல சொல்றதெல்லாம் அந்த ஜாவா ஃபைலை எழுதுற நேரத்துக்கான உத்தரவு, அதனாலதான் அதை ஒரு இஃப் கண்டிஷனுக்குள்ள வெச்சாலும் கண்டிஷனை கண்டுக்காது. டாம்கேட்டோட வொர்க் ஃபோல்டர்ல அந்த ஃபைல் கிடக்கும், ஒரு தடவையாவது தொறந்து பாருங்க. பேஜ்கான்டெக்ஸ்ட் (பக்கத்தோட அமைப்பை வெச்சிருக்கிற ஆப்ஜெக்ட்) வாங்குற வரியில கடைசியா நல் (ஒண்ணுமில்லன்னு அர்த்தம்), ட்ரூ, 8192, ட்ரூன்னு இருக்கும். எரர் பேஜ் இல்ல, செஷன் (வர்றவரை ஞாபகம் வெச்சுக்கற இடம்) வேணும், பஃபர் (அனுப்புறதுக்கு முன்னாடி சேத்து வெக்கிற இடம்) 8 கேபி, அது ரொம்பினா தானா அனுப்பிடுன்னு அர்த்தம். நாம ஒண்ணுமே சொல்லலைன்னாலும் இதெல்லாம் டீஃபால்ட்டா வந்துடும். லாகின் தேவைப்படாத பக்கத்துக்குக்கூட வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் செஷன் உருவாகுறது இப்படித்தான், எனக்கு இது தேவையில்லாத செலவாத்தான் படுது.

எரர் பேஜ் வெச்சும் சில சமயம் பாதி பக்கம் மட்டும் தெரியும், ஏன்னா 8 கேபி ரொம்பி பிரவுசருக்கு போயிட்டா அப்புறம் தப்பு நடந்தாலும் போனதை திரும்ப எடுக்க முடியாது.

இப்போ தமிழுக்கு வருவோம். என்கோடிங் சொல்லலைன்னா ஐஎஸ்ஓ-8859-1 தான் டீஃபால்ட், அதுல தமிழுக்கு இடமே கிடையாது. நாம ஃபைலை சேவ் பண்ற யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்து, புள்ளி, உயிர்மெய்க்குறி ஒவ்வொண்ணும் 3 பைட், டாம்கேட் அதை மூணு தனித்தனி லத்தீன் எழுத்துன்னு படிச்சு அப்படியே வெளிய விடுது, பிரவுசருக்கும் இது லத்தீன்தான்னு பக்கத்தோட சேத்து அனுப்புற ஹெச்டிடிபி ஹெடர்ல சொல்லிடுது. டேட்டாபேஸ்ல இருந்து வர்றது ஜாவாவுக்குள்ள சரியான தமிழாத்தான் இருக்கு, வெளிய எழுதும்போது இடமில்லாம ஒவ்வொண்ணும் ஒரு கேள்விக்குறி ஆயிடுது. எச்டிஎம்எல்ல என்கோடிங் சொல்ற மெட்டா டேக் போட்டிருக்கேனேம்பாங்க, ஆனா ஹெடர் ஒண்ணு சொன்னா பிரவுசர் அதைத்தான் கேக்கும்.

பேஜ் டைரக்டிவோட பேஜ்என்கோடிங்ல யூடிஎஃப்-8னு போட்டா, அதே டைரக்டிவோட கான்டென்ட்டைப்ல வேற எதுவும் சொல்லாத வரை வெளிய போறதும் அதே ஆயிடும். ஆனா இன்க்ளூட் டைரக்டிவ்ல (வேற ஃபைலை பக்கத்துக்குள்ள சேக்கிற வரி) இழுக்குற பக்கத்தோட மேல்பகுதி ஹெடர், கீழ்ப்பகுதி ஃபுட்டர் ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் என்கோடிங்கை தனித்தனியாதான் பாக்கும், அதனால மெயின் பக்கம் சரியா வந்து ஃபுட்டர்ல மட்டும் தமிழ் உடையும். இதுக்கு அப்ளிகேஷனோட செட்டிங் ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்ல ஜேஎஸ்பி ப்ராப்பர்ட்டி குரூப் போட்டு எல்லா ஜேஎஸ்பிக்கும் ஒரே அடியா யூடிஎஃப்-8னு சொல்றதுதான் நல்லது, ஜேஎஸ்பி 2.0ல இருந்தே இது இருக்கு. போட்டதுக்கு அப்புறம் பழைய பக்கம் ஏதாவது தன் டைரக்டிவ்ல வேற என்கோடிங் சொல்லியிருந்தா அது கம்பைல் ஆகாம எரர்லயே நின்னுடும், அந்த வரியை தேடி எடுத்துடுங்க.