சிறப்புக் கல்வியில் உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி? அமெரிக்க அரசு போடும் கணக்கைப் படிக்கும் விதம்

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் நம்மவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்கூல் ரேட்டிங்கைப் பார்த்துவிடுவார்கள். பத்துக்கு ஒன்பது என்றால் விலை கொஞ்சம் கூடினாலும் யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஆட்டிசமோ டிஸ்லெக்சியாவோ பேச்சுத் தாமதமோ உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த ஒன்பதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. அது பெரும்பாலும் எல்லா மாணவர்களின் தேர்வு முடிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்ட எண். சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்த வட்டாரத்துப் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு, என்ன செய்கிறது என்பது அதில் கரைந்துபோய்விடும்.

அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டின் கணக்கையும் ஆண்டுதோறும் மாநில அரசு பொதுவில் வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ரியல் எஸ்டேட் ஏஜென்ட் இதைக் காட்டமாட்டார். நாமாகத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. 1990இல் அதற்கு 'ஐடியா' (IDEA, குறைபாடு உள்ளவர்களுக்கான கல்விச் சட்டம்) என்ற இப்போதைய பெயர் வந்தது. 3 முதல் 21 வயது வரையுள்ள, குறைபாடு காரணமாகச் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பொருத்தமான கல்வியை அரசு இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். முடிந்த அளவுக்கு மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்துக் கற்பிக்க வேண்டும். 2022-23 கல்வியாண்டில் இந்தச் சட்டத்தின் கீழ் சேவை பெற்றவர்கள் சுமார் 75 லட்சம் பேர், அதாவது பொதுப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய 15%.

இதற்கான செலவில் ஃபெடரல் அரசின் பங்கு, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40% வரை போகலாம் என்று சட்டத்தில் எழுதிவைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அந்த அளவைத் தொடவில்லை. மீதிச் சுமை மாநிலத்தின் தலையிலும் டிஸ்ட்ரிக்டின் தலையிலும்தான். ஐ.இ.பி. பற்றிப் பேசப் பள்ளி கூட்டும் மீட்டிங்கில் எதைக் கேட்டாலும் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

2004இல் சட்டத்தைத் திருத்தியபோது கண்காணிப்பு முறையையும் வகுத்தார்கள். ஃபெடரல் கல்வித்துறை மாநிலங்களை மதிப்பிடும், மாநிலங்கள் டிஸ்ட்ரிக்ட்களை மதிப்பிடும். இரண்டு இடத்திலும் அதே நான்கு தரம்தான்: நிபந்தனைகளை நிறைவேற்றுகிறது, உதவி தேவை, தலையீடு தேவை, கணிசமான தலையீடு தேவை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 'உதவி தேவை' வந்தால் நிபுணர் உதவி பெறச் சொல்லலாம், பணத்தை எதில் செலவிட வேண்டும் என்று கட்டளையிடலாம். மூன்று ஆண்டுகள் 'தலையீடு தேவை' வந்தால் திருத்தத் திட்டம் கேட்பது முதல் நிதியை நிறுத்திவைப்பது வரை போகலாம். பெரும்பாலும் காகிதத்தோடு முடிந்துவிடும், நிதியை நிறுத்துவது அபூர்வம்.

எதை அளக்கிறார்கள்

இண்டிகேட்டர் என்று சொல்லப்படும் அளவுகோல்கள் 18 உள்ளன. எல்லாம் டிஸ்ட்ரிக்டுக்கானவை அல்ல. சில மாநிலத்தின் பொறுப்பு, அவற்றை விட்டுவிடலாம். பெற்றோர் பார்க்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் இரண்டும் எத்தனை பேர் பள்ளிப் படிப்புக்கான பட்டயம் வாங்கி முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பவை. மூன்றாவது, மாநிலத் தேர்வில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள், மற்ற மாணவர்களுக்கும் இவர்களுக்கும் இடைவெளி எவ்வளவு என்பது. நான்காவது சஸ்பென்ஷன். ஐந்தாவது, பள்ளி நேரத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ வழக்கமான வகுப்பில் கழிப்பவர்கள் எத்தனை பேர், 40 சதவீதத்துக்கும் குறைவாகக் கழிப்பவர்கள் எத்தனை பேர், தனிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது. நாடு முழுவதும் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் முதல் வகையில் இருக்கிறார்கள்.

எட்டாவது, பெற்றோரிடம் நடத்தும் கருத்துக் கணிப்பு. 11ஆவது, பெற்றோர் சம்மதம் கொடுத்தபின் குறித்த நாளுக்குள் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பரிசோதித்து முடித்தார்களா என்பது. ஃபெடரல் கெடு 60 நாள். மாநிலம் தன் கெடுவை வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் அது 45 பள்ளி நாட்கள். 13ஆவது, 16 வயதைத் தொட்ட பிள்ளைக்குப் படிப்புக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் ஐ.இ.பி.யில் ஒழுங்காக இருக்கிறதா என்பது. 14ஆவது, பள்ளியை விட்டு ஓராண்டு கழித்து அந்தப் பிள்ளை கல்லூரியிலோ வேலையிலோ இருக்கிறாரா என்று விசாரிப்பது.

என்னைக் கேட்டால் இந்த வரிசையில் மிக முக்கியமானது 14. பன்னிரண்டு வருடப் படிப்பு எதில் போய் முடிந்தது என்று கேட்கும் ஒரே அளவுகோல் அதுதான். ஆனால் தகவல் சேர்ப்பது கடினம். தொடர்பில் கிடைத்தவர்களின் பதில்தான் கணக்கில் வரும், கிடைக்காதவர்கள் நிலை என்னவென்று யாருக்கும் தெரியாது.

காகிதம் சரி, பிள்ளை?

மேலே சொன்னவற்றில் இரண்டு வகை கலந்திருக்கிறது. நாள் தவறாமல் பரிசோதித்தார்களா, படிவத்தில் எல்லாம் இருக்கிறதா என்பவை விதியைப் பின்பற்றியதைக் காட்டும். இவற்றுக்கு இலக்கு 100 சதவீதம். பிள்ளை படித்தானா, முடித்தானா, வேலைக்குப் போனானா என்பவை பலனைக் காட்டும். இவற்றின் இலக்கை மாநிலங்களே வைத்துக்கொள்கின்றன.

பல ஆண்டுகள் ஃபெடரல் அரசு முதல் வகையை மட்டும் பார்த்தே மாநிலங்களுக்குத் தரம் கொடுத்துவந்தது. 2014 ஜூனில் அப்போதைய கல்விச் செயலர் ஆர்னி டங்கன் பலனையும் சேர்த்துக் கணக்கிடச் செய்தார். முந்தைய ஆண்டு 41 மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் 'நிறைவேற்றுகிறது' என்ற தரத்தில் இருந்தன. அந்த ஆண்டு அது 18 ஆகச் சுருங்கிவிட்டது. ஒரே ஆண்டில் பள்ளிகள் கெட்டுப்போகவில்லை, அளக்கும் கோல்தான் மாறியது. டிஸ்ட்ரிக்டுக்குத் தரம் கொடுக்கும்போது பலனுக்கு எவ்வளவு எடை என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதனால் நியூஜெர்சியில் ஒரு டிஸ்ட்ரிக்ட் வாங்கிய தரத்தையும் கலிஃபோர்னியாவில் ஒன்று வாங்கிய தரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

டெக்சாஸில் நடந்தது

அளவுகோலே பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பிய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2004இல் டெக்சாஸ் மாநிலக் கல்வி முகமை தன் கண்காணிப்பு முறையில் ஒரு எண்ணைச் சேர்த்தது: டிஸ்ட்ரிக்டின் மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் மதிப்பு குறையும். அப்போது அந்த மாநிலத்தின் விகிதம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. தேவையில்லாத பிள்ளைகளைச் சிறப்புக் கல்வியில் தள்ளிவிடக் கூடாது என்பது கேட்பதற்கு நியாயமான எண்ணம்தான். டிஸ்ட்ரிக்ட்கள் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டன. பரிசோதனை கேட்டு வந்த பெற்றோரிடம் 'முதலில் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்' என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். பிள்ளைகளை சட்டப் பாதுகாப்பு குறைந்த வேறு உதவித் திட்டங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். 2015இல் மாநிலத்தின் விகிதம் கச்சிதமாக 8.5 சதவீதத்தில் வந்து நின்றது. நாட்டின் சராசரி 13.

2016இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தது. அது உச்சவரம்பே அல்ல என்று முகமை மறுத்தது. 2017இல் சட்டமன்றம் இப்படி வரம்பு வைப்பதற்கே தடை போட்டது. 2018 ஜனவரியில் ஃபெடரல் கல்வித்துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னது. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் உதவியே இல்லாமல் பள்ளியை முடித்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 11ஆவது அளவுகோலின் கடிகாரம் பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட நாளில்தான் ஓடத் தொடங்கும். படிவத்தையே நீட்டாத டிஸ்ட்ரிக்ட்டும் 100 சதவீதம் வாங்கலாம்! அதனால் அந்தக் கட்டத்தில் 100 என்று இருப்பதைப் பார்த்ததும் நிம்மதி அடையாதீர்கள். மொத்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் சிறப்புக் கல்வியில் இருக்கிறார்கள், சுற்றியுள்ள டிஸ்ட்ரிக்ட்களில் எவ்வளவு என்று சேர்த்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்குப் பரிசோதனை வேண்டுமென்றால் வாயால் சொல்லாமல் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை அவர்களும் எழுத்தில் தந்தாக வேண்டும், அது சட்டம்.

இப்படிப் பின்னால் ஒளிந்திருக்கும் விஷயம் மற்ற எண்களிலும் உண்டு. சஸ்பென்ஷன் குறைவு என்றால் நல்லதுதான். ஆனால் 'பையன் இன்றைக்குச் சரியில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று காலை பதினோரு மணிக்கு வரும் போன் எந்தக் கணக்கிலும் ஏறாது. இது அடிக்கடி நடந்தால் சட்டத்தின் பாதுகாப்புகள் இங்கேயும் பொருந்தலாம் என்று 2022 ஜூலையில் ஃபெடரல் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதனால் அப்படி வரும் ஒவ்வொரு அழைப்பையும் நாள், நேரத்தோடு குறித்துவையுங்கள். அப்புறம், வழக்கமான வகுப்பில் 80 சதவீதம் என்பது பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். துணைக்கு ஆள் இருக்கிறாரா, பாடம் புரிகிறதா என்பதைச் சொல்லாது.

இனத்தை வைத்து ஒரு கணக்கும் உண்டு. ஏதாவது ஓர் இனத்துப் பிள்ளைகளை அளவுக்கு மீறிச் சிறப்புக் கல்வியில் சேர்த்தாலோ தனியே ஒதுக்கினாலோ தண்டித்தாலோ, அந்த டிஸ்ட்ரிக்ட் தன் ஐடியா நிதியில் 15 சதவீதத்தை அதைச் சரிசெய்ய ஒதுக்க வேண்டும். எது 'அளவுக்கு மீறி' என்பதை மாநிலமே வரையறுக்கிறது.

அறிக்கையை எடுப்பது எப்படி

மாநிலக் கல்வித்துறை இணையதளத்தில் சிறப்புக் கல்விப் பகுதிக்குப் போய், டிஸ்ட்ரிக்ட் ப்ரொஃபைல் அல்லது டேட்டா ரிப்போர்ட் என்று தேடுங்கள். பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநிலங்கள் பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் ஃபெடரல் அரசுக்கு அறிக்கை கொடுத்து, அதிலிருந்து 120 நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்ட் விவரங்களை வெளியிட வேண்டும். நீங்கள் பார்ப்பது எப்படியும் ஒரு வருடத்துக்கு முந்தைய நிலவரம். பட்டயமும் சஸ்பென்ஷனும் இன்னும் ஒரு வருடம் பழையதாக இருக்கும். சின்ன டிஸ்ட்ரிக்ட் என்றால் பல கட்டங்கள் காலியாக இருக்கலாம். நாலைந்து பிள்ளைகளின் விவரத்தைப் போட்டால் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் மறைத்துவிடுவார்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு வருட அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2025 மார்ச்சில் ஃபெடரல் கல்வித்துறையை மூடும் நோக்கில் அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்ததும் பலர் பயந்தார்கள். ஐடியா நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஓர் ஆணையால் அது மறையாது. மேலிருந்து கண்காணிக்கும் கை தளர்ந்தால் மாநிலத்தின் பொறுப்பு கூடும், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையின் உரிமைக்கு இந்தச் சராசரிகள் எதுவும் கட்டுப்பாடு அல்ல. 2017இல் கொலராடோவின் டக்ளஸ் கவுண்டி டிஸ்ட்ரிக்டுக்கு எதிரான வழக்கில், ஐ.இ.பி. பேருக்கு ஒன்று இருந்தால் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் காணும்படி அதை வகுத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. டிஸ்ட்ரிக்டின் தரம் என்னவானாலும் உங்கள் மீட்டிங்கில் செல்லுபடியாவது இதுதான். அங்கே பேசுவது உங்களுக்கோ ஊரிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் துணைவருக்கோ ஆங்கிலத்தில் விளங்கவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஏற்பாடு செய்வது டிஸ்ட்ரிக்டின் கடமை.

விதி மீறப்பட்டதாகத் தோன்றினால் மாநிலக் கல்வித்துறைக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். மீறல் கடந்த ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும், ஒரு நகல் டிஸ்ட்ரிக்டுக்கும் போக வேண்டும். விசேஷச் சூழ்நிலை இல்லாவிட்டால் 60 நாட்களுக்குள் மாநிலம் விசாரித்து எழுத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளைக்காக மட்டும் அல்ல, டிஸ்ட்ரிக்ட் முழுவதும் நடக்கும் தவறுக்காகவும் இதைக் கொடுக்கலாம். இதற்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை.